மேடை வேண்டாம், இரண்டு நாற்காலி போடுங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கும் ஆலய நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களே, செயலாளர்களே, செயற்குழு உறுப்பினர்களே,

வணக்கம்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் நெருங்கும்போது உங்களில் பலர் சமூக மன்றத்தில் அரங்கு எடுத்துக் கருத்தரங்கு நடத்துகிறீர்கள். பேச்சாளருக்குப் பொன்னாடை, கேள்வி நேரம், பிறகு சிற்றுண்டி. நல்ல மனதோடுதான் செய்கிறீர்கள். ஆனால் உதவி தேவைப்படுபவர் அந்தக் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்க மாட்டார். சம்பந்தி வீட்டாரும் பக்கத்து புளோக்காரரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எப்படிக் கேட்பார்? எங்கள் வேண்டுகோள் இதுதான்: மாதம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், ஓர் ஒதுக்குப்புற அறையில் இரண்டு நாற்காலி போட்டு, கேட்கத் தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள்.

அதற்கு முன் சுவரொட்டியில் இருக்கும் சொல்லைப் பாருங்கள். வேலைப் பளுவுக்கும் ‘மன அழுத்தம்’ என்று போடுகிறோம், மனச்சோர்வு நோய்க்கும் அதையே போடுகிறோம். இதனால் வரும் கேடு சின்னதல்ல. தேர்வு, கடன், முதலாளியின் ஏச்சு போன்றவற்றால் வரும் அழுத்தம், காரணம் விலகினால் பெரும்பாலும் தணிந்துவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, அல்லது பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் கெடுவது என்று அது நீளும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான், ‘யாருக்குத்தான் மன அழுத்தம் இல்லை, நாலு நாள் லீவு போடு’ என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். சிகிச்சை பல மாதம் தள்ளிப்போகிறது.

பாதிக்கப்பட்டவரோ இந்த இரண்டு சொல்லையும் சொல்வதில்லை. ‘தலை பாரமா இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’, ‘ஒரே யோசனையா இருக்கு’, ‘சோறு இறங்கல’ என்றுதான் சொல்வார். சுவரொட்டியில் இந்த வரிகளையே பெரிய எழுத்தில் போடுங்கள். தன் வாயில் வரும் வார்த்தையைச் சுவரில் பார்த்தால்தான் நிற்பார்.

இனி அந்த அறை. அன்னதான வரிசைக்கு எதிரே கதவு திறக்கக் கூடாது. நடுவில் மேசை வேண்டாம், நாற்காலிகளைச் சற்றுச் சாய்வாகப் போடுங்கள்; கண்ணைப் பார்த்தே பேச வேண்டிய கட்டாயம் இருக்காது. தண்ணீர், டிஷ்யூ போதும். பெயர், தொலைபேசி எண் எழுதும் பதிவேடு வேண்டவே வேண்டாம். உட்காருபவர் தலைவராக இருக்கக் கூடாது, ஊரில் எல்லோரையும் தெரிந்தவராகவும் இருக்கக் கூடாது. ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இருவரைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பேசியது ஒரு முறை வெளியே கசிந்தால் பிறகு அந்தக் கதவை யாரும் திறக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் பிறரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதை வந்தவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் பத்து நிமிடம் அறிவுரையே கூடாது. ‘உங்களுக்கு என்ன குறை?’, ‘நேர்த்திக்கடன் வைங்க, சரியாயிடும்’ என்ற பேச்சு வந்ததும் எதிரில் இருப்பவர் ‘சரிங்க’ என்று எழுந்துவிடுவார். கோவிலுக்கு வருவது பலருக்குப் பெரிய பலம், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. மருந்துக்குப் பதிலாக அதைக் கொடுப்பதுதான் தவறு. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா, எப்போதிலிருந்து இப்படி, இவற்றைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

பிறகு கேட்கத் தயங்கும் கேள்வி. ‘உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாண்ணே?’ ‘தற்கொலை பண்ணிக்கலாம்னு நினைச்சீங்களாக்கா?’ நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் சுமை இறங்கி அழுவார்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். தனியே விடாதீர்கள். தற்கொலைத் தடுப்புக்கான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995. போலிஸ் வழக்கு வருமோ என்று மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி குற்றமல்ல. இதை அறிவிப்புப் பலகையில் போடுங்கள்.

வருபவர்களில் பலருக்கு நோய் இருக்காது, அன்றாட அழுத்தம்தான். அவர்களுக்குக் கைவசம் கொடுத்தனுப்ப வேண்டியவை உண்டு. மூச்சுப் பயிற்சி எல்லோரும் சொல்வது, ஆனால் பாதிப் பேர் தவறாகச் செய்கிறார்கள். பதற்றம் வந்தபின் வாயைத் திறந்து பெரிது பெரிதாக மூச்சை இழுப்பார்கள். அதில் இரத்தத்தின் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரமரக்கும், பயம் இன்னும் கூடும். மூக்கு வழியாக 4 எண்ணும் வரை மென்மையாக இழுத்து, 6 எண்ணும் வரை விட வேண்டும். வயிறு எழும்பலாம், தோள் எழும்பக் கூடாது. ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை, மனம் அமைதியாக இருக்கும்போதே பழக வேண்டும். வெள்ளம் வந்தபிறகு நீச்சல் பழக முடியாது.

தூக்கத்துக்குக் கோப்பிதான் முதல் எதிரி. குடித்த கஃபீனில் பாதி, ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். இரவு 9 மணிக்குக் குடித்தது விடியற்காலை 2 மணிக்கும் வேலை செய்யும். தே தாரிக் என்ற பால் தேநீருக்கும் அப்படித்தான். பிற்பகல் 2 மணியோடு நிறுத்தச் சொல்லுங்கள். பீர் தூக்கத்தை வரவழைக்கும், ஆனால் பின்னிரவில் கலைத்துவிடும். படுத்து 20 நிமிடம் போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது மறுபடி படுக்கலாம். ஞாயிறு மதியம் வரை தூங்கி ஈடுகட்டினால் அன்றிரவு தூக்கம் வராது, திங்கள் காலை கெட்டுவிடும். ‘ஒரே யோசனை’ என்பவர்களுக்கு மாலையில் 15 நிமிடம் ஒதுக்கி, நாளை செய்யக்கூடியது ஒரு பக்கம், என் கையில் இல்லாதது மறுபக்கம் என்று எழுதச் சொல்லுங்கள். படுக்கையில் எழுதக் கூடாது.

இவற்றையெல்லாம் செய்தும் இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்புங்கள். மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் ‘வூட்பிரிட்ஜ்’ என்ற பழைய பெயரின் அச்சம் நம்மவர்களிடம் இன்னும் போகவில்லை. எடுத்த எடுப்பில் அங்கே போக வேண்டியதில்லை என்று சொல்லுங்கள். படபடப்பும் சோர்வும் தைராய்டு கோளாறாலோ இரத்தசோகையாலோ கூட வரலாம், மருத்துவர் அதையும் பார்ப்பார். நெஞ்சுவலி என்றால் மனக்கவலை என்று நாமே முடிவு கட்டக் கூடாது. எப்போது தொடங்கியது, எதெல்லாம் செய்ய முடியவில்லை, என்ன மருந்து எடுக்கிறார் என்று மூன்று வரி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். சில நிமிடச் சந்திப்பில் அந்தத் தாள்தான் பேசும். பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகக் கூடாது. ‘சாகத் தோணுது’ என்பதை எந்த அம்மாவும் மகள் வாயால் சொல்லவிட மாட்டார், அதை விழுங்கிவிடுவார். மனச்சோர்வு, பதற்ற நோய்ச் சிகிச்சைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். மனச்சோர்வு மருந்து வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டல் வந்ததும் ‘ஒத்துக்கல’ என்று நிறுத்துவார்கள், அல்லது தேறியதும் திடீரென்று நிறுத்துவார்கள். இரண்டும் ஆபத்து, மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு ஞாயிறு மாலைதான் நேரம். வாரநாள் இரவு கூட்டம் வைத்தால் தங்குவிடுதியிலிருந்து யாரும் வர முடியாது. முகவருக்குக் கட்ட ஊரில் வாங்கிய கடனும் வீட்டிலிருந்து வரும் அழைப்புமே பலருடைய தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஹெல்த்சர்வ் அமைப்பின் 3129 5000 எண் அவர்களுக்காகவே 24 மணி நேரமும் இருக்கிறது. மற்றவர்களுக்கு 2025 முதல் தேசிய மனநல உதவி எண் 1771. எந்த எண்ணை அழைத்தாலும் தமிழில் பேச ஆள் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, அறையையும் அந்த இருவரையும் முடிவு செய்யுங்கள். பயிற்சி கொடுக்க எந்த ஞாயிற்றுக்கிழமை அழைத்தாலும் வருகிறோம்.

அன்புடன்,
மனநலப் பணியில் இருக்கும் தமிழ் ஆலோசகர்களும் தாதியரும்
சிங்கப்பூர்