வாசிப்பதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வசிக்கிறேன். 2021-இல், பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் சொல்லிக்கொடுக்கும் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். இப்போது வருகிறவர்களில் ஆறு பேர் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்துக் காட்டினான். விரல் வரிக்குக் கீழே ஊர்ந்துகொண்டே வந்தது. 'கொண்டு' என்ற சொல்லில் நின்றுவிட்டான். முதலில் கொம்பு கண்ணில் படுகிறது, அப்புறம் ககரம், அதற்கும் அப்புறம் கால். மூன்றையும் ஒன்றாகப் பார்த்து 'கொ' என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. 'கெ... கா...' என்று தடுமாறினான். 'ஒளிச்சேர்க்கை'யை எப்படியோ எழுத்துக்கூட்டி முடித்தான். என்ன புரிந்தது என்று கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டான். வரி முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிற பிள்ளைக்கு என்ன புரியும்?

அதே பையன்தான் மீன்பிடித் தடைக்காலச் செய்தியை அவன் அப்பாவுக்குக் கடகடவென்று வாசித்துக் காட்டினான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு, நிவாரணம், எதிலும் திக்கவில்லை. எல்லாம் அவன் வீட்டில் தினமும் புழங்குகிற சொற்கள். காதுக்குப் பழகிய சொல்லைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிள்ளையை 'மந்தம்' என்று பள்ளியில் யாரோ சொன்னார்களாம். அவன் அம்மா என்னிடம் சொல்லி அழுதார். இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-26 கல்வியாண்டில் ஏழாம் வகுப்பில் இருக்கிறவர்கள், 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒன்றாம் வகுப்பு. தொடக்கப்பள்ளிகள் மறுபடி திறந்த 2021 நவம்பர் 1 அன்று மூன்றாம் வகுப்பு. எழுத்து கைவசப்பட வேண்டிய காலம் முழுக்க வீட்டில் இருந்தார்கள். 2022-இல், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் கற்றுக்கொடுக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்று வந்தது. அதற்குள் இவர்கள் நான்காம் வகுப்பு! எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் போடாததுதான் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தால் மட்டும் 'கொ' வந்துவிடாது.

இது கடலூர்க் கதை மட்டுமல்ல. கிராமப்புற இந்தியாவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 69.6 சதவீதம் என்றது, பிள்ளைகளின் கற்றல் நிலையை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அசர் ஆய்வின் 2022 அறிக்கை. அதாவது பத்தில் மூன்று பேருக்கு முடியவில்லை.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, அடிப்படையில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு 'திறன்' பயிற்சி வந்திருக்கிறது. வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்கள். ரொம்ப அழகான புத்தகங்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பையன் 'நுழை' புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறான். பக்கத்தில் இருக்கிறவன் சிரிப்பானே! நான் ஒன்று செய்து பார்த்தேன். "உன் தங்கச்சிக்குக் கதை சொல்ல ஆள் இல்லை, இதை நீ வாசித்துக் காட்டு" என்று கொடுத்தேன். தங்கச்சி முன்னால் தடுமாறக் கூடாது என்று இரண்டு தரம் தனியாக வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான். இரண்டு மாதத்தில் 'ஓடு' புத்தகத்துக்கு வந்துவிட்டான்.

நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பிள்ளை தடுக்கினால் உடனே எடுத்துக்கொடுக்கக் கூடாது. மனசுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுத்தால் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். 'கரையோரப்பகுதிகளிலிருந்து' மாதிரி நீளச் சொல் வந்தால் கரையோர, பகுதிகளில், இருந்து என்று பென்சிலால் கோடு போட்டுப் பிரித்துக் காட்டினால் போதும். நாற்பது பேர் முன்னால் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவமானப்பட்ட பிள்ளை அப்புறம் வாயே திறப்பதில்லை.

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு பிள்ளைக்குத் தினமும் பத்து நிமிஷம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள். ஓர் ஆசிரியர் நாற்பது பேருக்கு அப்படி உட்கார முடியாது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் துணையாக இருக்கலாம். ஓய்வுபெற்றவர்கள், வீட்டிலிருக்கும் அம்மாக்கள் வாரம் இரண்டு நாள் வரலாம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மனசு வைத்தால் இது நடக்கும். கால அட்டவணையில் இருக்கிற நூலகப் பாடவேளையைக் கணக்குக்குக் கொடுக்காமல் பிள்ளைகளுக்கே விட்டாலும் பாதி வேலை முடியும். என் திண்ணைக்கு வரும் பிள்ளைகள் அப்படி ஒரு பாடவேளையைப் பார்த்ததே இல்லை என்கிறார்கள்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாரம் ஒருநாள், பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியங்களில், இந்தப் பிள்ளைகளுக்காக உள்ளூர்ச் செய்தி ஒன்று போடுங்கள். துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எதற்காக ஏற்றுகிறார்கள், கெடிலம் ஆறு எங்கிருந்து வருகிறது, பண்ருட்டிப் பலா எந்த மாதம் பழுக்கும், இப்படி எதுவானாலும் சரி. வாசித்துக் காட்ட என் திண்ணையில் ஆறு பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேவனாம்பட்டினம், கடலூர்