முருகப்பனுக்கு, ஒன்பது மாதம் தாமதமாக

கோட்டையூர்
9.12.2024

அன்புள்ள முருகப்பா,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும். எனக்குச் சர்க்கரை ஏறி இறங்குகிறது, விசாலாட்சிக்கு முழங்கால், மற்றபடி குறைவில்லை. போன பங்குனியில் நீ போட்ட கடிதம் பட்டாலை அலமாரியில் கண்ணில் படும்படிதான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கடன்காரனைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். "புயலடித்தால் உன் மாப்பிள்ளையின் அணு உலை தாங்குமா, உன் கரண்ட் கம்பம் மாதிரி படுத்துவிடுமா?" என்று கேட்டிருந்தாய். பதில் தெரியவில்லை, அதனால் எழுதவில்லை. முப்பத்து நான்கு வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன், தெரியாது என்று உனக்கு எழுத முடியுமா? நீ அதைச் சோமுவுக்குப் படித்துக் காட்டுவாய்.

இப்போது தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் நன்றாக இல்லை.

நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறி, விருந்துக்கு வந்த பங்காளி மாதிரி நகராமல் உட்கார்ந்துகொண்டதே, அன்றைக்குத்தான். சாயங்காலம் மகள் மீனா கல்பாக்கத்திலிருந்து போன் பண்ணினாள். "அப்பச்சி, காலையில டூட்டிக்குப் போனவுக இன்னும் வரலை. ரோட்டுல தண்ணியாம், அடுத்த ஷிப்ட் ஆள் வந்து மாத்தணும்ல." அதோடு போன் கட்டானது. அப்புறம் எத்தனை தடவை அடித்தாலும் போகவில்லை. விடியும்வரை உள்முற்றத்து வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாப்பிள்ளை கூப்பிட்டு, "மாமா, இப்பத்தான் தூங்கி எழுந்தேன்" என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை, மீனா, பேத்தி மூன்று பேரும் ஊருக்கு வந்தார்கள். நான் விடவில்லை, மாப்பிள்ளையைத் திண்ணையில் பிடித்து உட்காரவைத்துவிட்டேன். தன் வேலையிடத்தைப் பற்றி அவர் வாயைத் திறக்கமாட்டார், உனக்குத்தான் தெரியுமே. மற்ற நாட்டு உலைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டால் மட்டும் அடைமழைதான்.

முதலில் சொன்னதே என் தொழிலுக்கு அவமானம். அந்தக் கான்கிரீட் கூட்டுக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லையாம். புயல் கைவைப்பது வெளியே இருக்கும் கம்பியில். கரண்ட் கொடுக்கிற நிலையத்துக்கே கரண்ட் வேண்டும், முருகப்பா! பம்பு ஓட, வால்வு திறக்க, மீட்டர் படிக்க எல்லாவற்றுக்கும். உலையை நிறுத்திவிட்டால் அதுவும் வெளி லைனிலிருந்துதான் வந்தாக வேண்டும். இத்தனை வருஷம் லைன் என்றால் அங்கிருந்து இங்கே வருவது என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிறுத்தியபின் பம்பு எதற்கு என்றுதானே கேட்கப்போகிறாய்? நானும் கேட்டேன். பெரியாயா வீட்டில் பலகாரம் சுடும்போது கடைசி ஈடு மணகோலத்துக்கு விறகை இழுத்துவிடுவார்களே, சட்டியின் சூட்டிலேயே அது வெந்துவிடும். இதுவும் அந்த மாதிரிதான். ஆனால் சட்டி ஆறும். இங்கே பிளந்த அணுவின் துண்டுகள் தாமாகச் சிதைந்து புதுச்சூடு கிளப்பிக்கொண்டே இருக்கும். நிறுத்திய நொடியில் முழுச்சூட்டில் 6, 7 சதவீதம், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதத்துக்குப் பக்கம். கூடங்குளத்தில் ஒரு உலை 1000 மெகாவாட் கரண்ட் தர 3000 மெகாவாட் சூடு போடுகிறது. அதில் அரை சதவீதம் 15 மெகாவாட். நம் சப்ஸ்டேஷனில் ஒரு 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முக்கி முனகுகிற லோடு. நிறுத்திப் போட்ட உலையில்!

அதனால்தான் அமெரிக்காவில், மணிக்கு 119 கிலோமீட்டர் காற்று நிலையத்தைத் தொடும் என்றால், அதற்கு 2 மணி நேரம் முன்னாலேயே உலையை நிறுத்திவைக்கிறார்கள். 1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் டர்க்கி பாயிண்ட் நிலையத்தின் மேலேயே ஏறிப் போனது. உலைகளை முன்னமே நிறுத்தியாகிவிட்டது, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வெளி லைன் அத்தனையும் போய், 5 நாளுக்கு மேல் டீசல் ஜெனரேட்டரில்தான் ஓட்டியிருக்கிறார்கள். உயரத் தண்ணீர்த் தொட்டி ஒன்று சாய்ந்து, தீயணைக்க வைத்திருந்த குழாயமைப்பின் மேலேயே விழுந்ததாம். போனும் இல்லை. அந்த நிலையத்தில் இருந்தவர்களின் வீடுகளும் அதே காற்றில்தான் இருந்திருக்கும். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஜெனரேட்டர் என்றதும் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். சிரித்துவிட்டு வா, காத்திருக்கிறேன்.

ஆம், அதேதான். என் சாந்திக் கல்யாணத்துக்கு வாங்கியது. சத்தம் ஆகாது என்று மூன்றாம் கட்டுக்குப் பின்னால் தாழ்வாரத்துப் பள்ளத்தில் வைத்தேன். "மேட்டில் வைடா" என்று அன்றைக்கே சொன்னவன் நீ, ஒப்புக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16, கஜா. நான் அறந்தாங்கிப் பக்கம் அடுத்தவன் ஊருக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தேன். இங்கே வேப்பிலை போய் வளவுத் தூம்பை அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறி, ஜெனரேட்டர் கழுத்தளவு முங்கியது. டீசல் நிறைய இருந்தது. ஒரு பல்புகூட எரியவில்லை.

ஃபுகுஷிமாவிலும் நடந்தது அதுதான் என்கிறார் மாப்பிள்ளை. அது சுனாமி, புயல் இல்லை என்று நீ சண்டைக்கு வருவாய், பொறு. 5.7 மீட்டர் அலைக்குக் கணக்குப் போட்ட இடத்தில் 14, 15 மீட்டர் வந்தது. ஜெனரேட்டர்கள் பெரும்பாலும் அடித்தளத்தில். 6ஆம் உலையில் காற்றால் குளிரும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் தப்பி 5, 6 இரண்டையும் காப்பாற்றியது. புயலே வேண்டும் என்றால் பிரான்சில் பிளையே. 1999 டிசம்பர் 27 ராத்திரி, ஆற்று முகத்தில் கடல் ஏற்றமும் காற்றும் ஒரே நேரத்தில் சேர்ந்து கரையைத் தாண்டி, கேபிளும் குழாயும் போகிற ஓட்டை வழியாகக் கீழறைகளில் தண்ணீர். முக்கியமான பம்புகள் சில மூழ்கின. சாலையிலும் வெள்ளம், வெளியிலிருந்து ஆள் போய்ச் சேரவே சிரமம். கரையை உயர்த்தியதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேப்பிலைக்கும் அங்கே அண்ணன் தம்பி உண்டு. புயல் கிளப்பும் பாசி, குப்பை, சில சமயம் ஜெல்லி மீன், எல்லாம் கடல் நீர் உறிஞ்சும் வாயில் போய் அப்பிக்கொள்ளும். உப்புக் காற்று, வெளி லைன் வந்து சேரும் சுவிட்ச்யார்டு இன்சுலேட்டரில் படிந்து தீப்பொறி தாவும். இது நான் சொல்லித்தான் மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார் என்பதைச் சோமுவிடம் மறக்காமல் சொல்.

நீ உலை வேண்டாம் என்று இடிந்தகரைப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்துவிட்டு வந்தவன், கூடங்குளத்தைக் கேட்காமல் விடமாட்டாய். அங்கே கரண்டே இல்லாமல், நீராவி தானாக ஏறி, வெளிக் காற்றில் குளிர்ந்து, தானாக இறங்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1993இல் உத்தரப் பிரதேசத்து நரோரா அணுமின் நிலையத்தில் டர்பைன் பக்கம் தீப்பிடித்து 17 மணி நேரம் நிலையமே இருட்டாகக் கிடந்தபோதும், தண்ணீரின் இயல்பான சுழற்சியும் டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பும்தான் கைகொடுத்தன. கழிவைப் பற்றி நீ கேட்டது வேறு சண்டை. அதில் நான் இன்னும் உன் பக்கம் பாதி இருக்கிறேன்.

இதையெல்லாம் கேட்டு முடித்த ராத்திரிதான் எனக்குத் தூக்கம் போனது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கல்பாக்கத்தில் ஒரு உலை பழுது பார்க்க நின்றிருந்தது, இன்னொன்று ஓடிக்கொண்டிருந்தது. கடலடிச் சுரங்கம் வழியாகப் பம்பு அறையில் தண்ணீர் ஏறியது, உலையை ஒழுங்காக நிறுத்தினார்கள், அதற்கு ஒரு கீறல் இல்லை. எரிக்கும்போதே புது எரிபொருளும் உண்டாக்கும் ஈனுலைக்குத் தோண்டிய பள்ளம் கடலால் நிரம்பியது. உயிர்கள் போனது குடியிருப்பில். காலையில் வீட்டில் இருந்தவர்கள், கரையில் நடந்தவர்கள். மாப்பிள்ளை கனத்த சுவருக்குள் இருக்கிறார் என்று அவரை நினைத்தே இந்த ஃபெஞ்சல் ராத்திரி விடியவிடிய விழித்திருந்தேன். மீனாவும் பேத்தியும் குவாட்டர்ஸில் இருந்தார்கள். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை? இதை விசாலாட்சியிடம் சொல்லவில்லை. நீயும் போனில் உளறாதே.

2017இல் டெக்சாஸில் ஹார்வி புயலின்போது ஏறத்தாழ 250 பேர் நிலையத்திலேயே தங்கி, இரண்டு உலையையும் நிறுத்தாமல் முழுத்திறனில் ஓட்டினார்களாம். பெருமையாகத்தான் சொன்னார். அவர்கள் வீட்டில் அந்த நேரம் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். பேசாமல் காபியைக் குடித்தார்.

விசாலாட்சி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீக?" பிஸ்கட் என்றார். அவ்வளவுதான், முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை. இரண்டு நாள் அடுப்படியில் நின்று சீப்புச்சீடையும் மணகோலமும் இரண்டு டின் கட்டினாள். "புயல் டூட்டிக்கு மட்டும்" என்று நானே எழுதி ஒட்டினேன். ஒரு டின் திண்டிவனம் வருமுன்பே காலி என்று மீனா போனில் சிரிக்கிறாள்.

ஜெனரேட்டரை நேற்று பழைய பட்டியக்கல் மூன்றை அடுக்கி அதன்மேல் ஏற்றிவிட்டேன். வந்து பார்த்துவிட்டுக் குறை சொல். பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு, இழை எடுத்துக்கொண்டு போகலாம். கண்ணுச்சாமியின் டார்ச்சையும் கொண்டு வா, அது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது.

அன்புடன்,
சொக்கலிங்கம்