பெற்றோர் கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு நீங்கள் வெளியிட்ட பள்ளிப் பாதுகாப்புக் கட்டுரையில், மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் விழிப்பாக இருந்தால் பாதி விபத்து நடக்காது என்று ஒரு வரி. எழுதியவர் அந்தக் கூட்டத்தில் ஒருநாளாவது உட்கார்ந்திருக்கிறாரா? என் மகள் படிக்கும் அரசு உயர்நிலைப் பள்ளியின் குழுவில் நானும் இருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, ரொம்பப் பெருமை. பெண்கள் கழிப்பறைச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று தீர்மானம் எழுதினோம், தலைமையாசிரியை மேலே அனுப்பினார், வகுப்பறைதான் எங்களுடையது கழிப்பறை வேறு திட்டத்தில் கட்டியது என்று ஓர் அலுவலகம் சொல்ல, அந்தத் திட்டமே முடிந்துவிட்டது என்று இன்னொன்று சொல்ல, கடைசியில் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்கள். மிச்சமிருப்பது இரண்டே கழிப்பறை. பிள்ளைகள் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை மட்டும் தவறாமல் வருகிறது, அதை விழுங்கக்கூட ஒரு மடக்குக்கு மேல் குடிக்க யோசிக்கிறார்கள்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உடனே ஊரெல்லாம் பழைய கட்டடங்களை இடித்தார்கள். எங்கள் பள்ளியிலும் ஒன்றை இடித்தார்கள், திரும்பக் கட்டத்தான் ஆளில்லை, எட்டாம் வகுப்பு இப்போது சைக்கிள் கொட்டகையில் நடக்கிறது. கும்பகோணத்தில் 2004இல் 94 குழந்தைகள் கருகிய பிறகுதான் கூரை கண்ணில் பட்டது. 2012இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே ஒரு குழந்தை விழுந்து செத்ததே, அந்தப் பேருந்துக்குத் தகுதிச் சான்று இருந்தது. கையெழுத்துப் போட்டது எந்தப் பெற்றோர்?

காய்ச்சலோடு பிள்ளையை அனுப்புவதும், ஒன்பதாவது படிக்கும் பையனிடம் பைக் சாவியைக் கொடுப்பதும் பெற்றோர் தப்புதான், அதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் எங்களைத் திட்டாதீர்கள்.

சரி, ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் வட்டாரத்தில் எந்தப் பள்ளிக் கட்டடத்துக்கு எந்தப் பொறியாளர் பொறுப்பு, அவருடைய அலுவலக எண் என்ன என்று உங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒருமுறை போடுங்கள். ராசிபலனைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மேலாண்மைக் குழு உறுப்பினரான ஒரு தாய்