சர்க்கரை இல்லாத இனிப்புதான் நாய்க்கு எமன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நாய் வளர்ப்புக் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். அதில், நாய்க்கு இனிப்பு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்துக் கொடுங்கள் என்று ஒரு வரி இருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதியதுதான். ஆனால் அதை நம்பி யாராவது நடந்தால் நாயின் உயிரே போகலாம். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில வகை பீனட் பட்டர், பற்பசை போன்றவற்றில் இனிப்புக்காக சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்றைச் சேர்ப்பதுண்டு. நம் உடம்பில் அது இன்சுலினை அவ்வளவாகத் தூண்டாது. நாயின் கணையமோ அதைச் சர்க்கரை என்றே எடுத்துக்கொண்டு இன்சுலினைக் கொட்டிவிடும். ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். பல நேரம் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு என்று தொடங்கிவிடும். சூயிங்கமாக இருந்தால் சில மணி நேரம் தள்ளியும் வரலாம். நாயின் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே ஆபத்து, 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலும் கெடலாம். சில சூயிங்கங்களில் ஒரு துண்டிலேயே 1 கிராம் அளவுக்கு சைலிட்டால் இருக்கிறது. 10 கிலோ நாய்க்கு அந்த ஒரு துண்டே போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டு நாய் கைப்பையிலிருந்த சூயிங்கம் பொட்டலத்தைக் கிழித்துத் தின்றபோது, "சர்க்கரை இல்லாததுதானே, ஒன்றும் ஆகாது" என்று நானும் நினைத்தேன். முக்கால் மணி நேரத்தில் அதன் பின்னங்கால்கள் துவண்டன. கிழிந்த உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம். என்ன தின்றது, எவ்வளவு தின்றது என்று அவர் உடனே புரிந்துகொள்ள அந்த உறைதான் உதவியது. குளுக்கோஸ் ஏற்றி, 2 நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். பிழைத்துவிட்டது.

சாக்லேட் ஆகாது என்பது பலருக்கும் தெரியும். ஆனாலும் "எங்கள் நாய் தின்றது, ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. எல்லாம் அளவைப் பொறுத்தது. சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் என்ற பொருள்தான் நாய்க்கு நஞ்சு, அது நாயின் உடலைவிட்டு வெளியேற நேரம் பிடிக்கும். கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தி, படபடப்பு தொடங்கும், 60 அளவில் வலிப்பு வரலாம். பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான் இருக்கிறது. கோகோ தூளில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். பெரிய நாய் ஒரு துண்டு பால் சாக்லேட்டைத் தின்று தப்பிக்கும், அதே வீட்டில் சின்ன நாய் கோகோ டப்பாவை நக்கினால் கதையே வேறு. அப்புறம், கேக்கிலும் ரொட்டியிலும் ஒளிந்திருக்கிற உலர் திராட்சை. எந்த நாய்க்கு எவ்வளவு தின்றால் சிறுநீரகம் செயலிழக்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது என்பதால் அதைத் தொடவே விடக் கூடாது.

வெறும் சர்க்கரை விஷமில்லை. உடல் பருமனும் பல் கேடும் மெதுவாக வரும், அவ்வளவுதான். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, நாய்க்கு நன்றாகவே தெரியும். அது நம் தட்டைப் பார்த்து ஏங்குவது உண்மையான ஏக்கம்தான், எனக்கும் மனசு கேட்காது. விதை எடுத்த ஆப்பிள், வாழைப்பழம், விதையில்லாத தர்பூசணி என்று ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம். தின்பண்டம் எல்லாம் சேர்த்து அன்றாட உணவின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் சரி.

தவறிப்போய் எதையாவது தின்றுவிட்டால், தயவுசெய்து உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே நாயைக் கொன்றுவிடக்கூடும். நேராக மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். மூலையில் சின்ன எழுத்தில் போட்டால் பலர் கண்ணில் படாது. அதே பக்கத்தில், சைலிட்டால் என்ற பெயரோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் ஒரு வாசகர்