வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் கார் கிடையாது. அதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததும் இல்லை. தாம்பரம் - கடற்கரை தடத்தில், ஸ்டேஷனிலிருந்து எழுநூறு மீட்டர் தள்ளிக் குடியிருக்கிறோம். 1931 மே மாதம் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய தடம் அது. மீட்டர் கேஜ் வண்டியில் என் தாத்தா பாரிமுனைக்கு வேலைக்குப் போனார். இருபத்திரண்டு வருடமாக நானும் அங்கேதான் போய் வருகிறேன். சீசன் டிக்கெட் இருக்கிறது. கிண்டியில் இறங்கினால் மெட்ரோ. சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் காசு இல்லை. 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கலாம். "கார் இல்லாம எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்கும் சொந்தக்காரர்களிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்வேன்.

அம்மா விழுந்த அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, கோட்டை ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு (மேம்பாலத் தடத்தில் ஓடும் மின்ரயில்) மாறி, திருமயிலையில் இறங்கி, கபாலீஸ்வரர் கோயிலில் கற்பகாம்பாளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார். துணைக்கு யாரும் போனதில்லை. அன்று அவர் ரயிலில் விழவில்லை, படிக்கட்டிலும் விழவில்லை. எங்கள் தெருமுனையில் விழுந்தார்.

அங்கே நடைபாதை என்பது மழைநீர்க் கால்வாய்க்கு மேல் போட்ட சிமென்ட் பலகைகள். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் கார் ஏறி இறங்க ஒரு சரிவு. அதைத் தாண்டினால் கரண்ட் பாக்ஸ். அப்புறம் நிறுத்தி வைத்த பைக். இறங்கி, ஏறி, மறுபடி இறங்கித்தான் போக வேண்டும். உடைந்த பலகையின் இடுக்கில் செருப்பு மாட்டிக்கொண்டது. வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அன்று ராத்திரியே தம்பி சொன்னான்: "பேசாம ஒரு கார் எடுத்துடலாம்க்கா. ஞாயித்துக்கிழமை நானே அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்." அம்மா கேட்டார், "வெள்ளிக்கிழமைதானேடா போகணும்?"

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கார் வந்துவிட்டால் அம்மாவின் வெள்ளிக்கிழமை அவனுடைய லீவு நாளுக்குக் கட்டுப்பட்டுவிடும். இத்தனை ரயிலும் பஸ்ஸும் இருந்தும் பல குடும்பங்கள் கடன் வாங்கிக் கார் எடுப்பது, வாசலுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் உள்ள இந்தத் துண்டு வழிக்குப் பயந்துதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பது தெரியாத விஷயமல்ல. உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் 2012-லேயே எழுதி வைத்திருக்கிறது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒதுக்குவது என்ற கொள்கையை 2014-ல் சென்னை மாநகராட்சி ஏற்றது. 2019-ல் திறந்த தி.நகர் பாண்டி பஜார் நடைபாதையில் அம்மா என் கையைப் பிடிக்காமல், கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தார். அங்கே முடிந்தது எங்கள் புறநகரில் ஏன் முடியாது?

இப்போது வரும் தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தாழ்ந்து கொடுக்கின்றன. அம்மாவைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் நிறுத்தத்தை ஒட்டி ஆட்டோவும் பைக்கும் நின்றால் பஸ் நடுரோட்டில்தான் நிற்கிறது.

முதலில் ஒவ்வொரு ரயில், மெட்ரோ நிலையத்தையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு நடைபாதையைச் சீர்செய்யுங்கள் என்று பொறுப்பில் உள்ளவர்களை உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன். அளவு நாடாவோடு யார் வந்தாலும் எங்கள் தெருவில் கூடவே நடந்து காட்டத் தயார். அம்மாவுக்குக் கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. வெள்ளிக்கிழமைகளில் கேட் வரை வந்து, தெருமுனையைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்னைப் புறநகர்