கரையைப் பாருங்கள், அப்புறம் கம்பு வாங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரையில் நின்று கடல்மீன் பிடிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கட்டுரை போன வரிசை எனக்குச் சம்மதமில்லை. முதல் இரண்டு பக்கமும் தூண்டில் கம்பு, ரீல், நரம்பு (அதாவது தூண்டில் நூல்). அடுத்த பக்கம் இரை. கடைசியில் நான்கே வரியில் 'நல்ல இடமாகப் பார்த்து நில்லுங்கள்' என்று முடிந்துவிட்டது. புதிதாக வருகிறவர் இதைப் படித்தால் நேரே கடைக்குத்தான் போவார். பல வருடங்களாகக் கரையில் நிற்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இடம் முதலில், இரை அடுத்து, சாமான் கடைசி.

நானும் சாமானில்தான் ஆரம்பித்தேன். பதிமூன்று அடிக் கம்பு, நூல் முனையில் ஐந்து அவுன்ஸ் ஈயக் குண்டு, முடிந்த மட்டும் தூரம் என்று வீசிக்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவு, மணலில் புதைந்த ஈயத்தை இழுக்கப்போய் நரம்பு அறுந்துவிட்டது. விடிந்ததும் நீர் வற்றியிருந்த நேரத்தில் அதைத் தேடிப் போனேன். ஈயம் ஒரு மணல் திட்டின் முதுகில், வெட்டவெளியில் கிடந்தது. தூண்டில் முள்ளில் இருந்த கணவாய்த் துண்டு வெளுத்துப்போய், ஒரு கடிகூடப் படாமல் அப்படியே இருந்தது. எனக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவில், கரையை ஒட்டினாற்போல் ஒரு நீளமான பள்ளம். இடுப்பளவு தண்ணீர். உடைந்த சிப்பியும் பிய்ந்த பாசியும் அதன் அடியில் குவிந்திருந்தன, குட்டி நண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. கரையிலிருந்து முப்பது மீட்டர்கூட இருக்காது. இரவு முழுக்க மீனின் தலைக்கு மேலே வீசியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அலை திட்டின் மேல் உடையும்போது மணலைக் கலைத்து, அதில் புதைந்திருக்கும் புழுவையும் சிப்பியையும் கிளப்பிவிடும். அதெல்லாம் வந்து சேருகிற இடம் பள்ளம். மீன் அந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் மேய்ந்துகொண்டு போகும். திட்டில் எங்காவது ஓர் உடைப்பு இருந்தால் அது மீனுக்கு வாசல். நீர் ஏறிய பிறகும் இதைக் கண்டுபிடிக்கலாம். திட்டின் மேல் அலை வெள்ளையாக உடையும். பள்ளத்தின் மேல் உடையாது, நிறமும் கொஞ்சம் கறுத்திருக்கும். ஆனால் கண்ணுக்குப் பழக்கமில்லாதவர் முதலில் வற்றிய கரையைப் பார்த்துவிடுவது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மற்ற நாட்களைவிட அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அந்த நாட்களில் ஒரு காலையைத் தேர்ந்தெடுத்து, கையில் கம்பு இல்லாமல், சும்மா நடந்து பாருங்கள். பள்ளம் எந்த மரத்துக்கு நேர், உடைப்பு எந்தக் கட்டடத்துக்கு நேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பெரிய புயலோ கொந்தளிப்போ வந்து போனால் மணல் இடம் மாறிவிடும், மறுபடி நடக்க வேண்டும். நீர் அதிகம் ஏறி இறங்காத கடல்களும் உண்டு. அங்கே மேடான இடத்தில் நின்று, தண்ணீர்மேல் கண் கூசுவதைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் திட்டும் பள்ளமும் தெரியும்.

நேரத்தைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி வந்திருக்கலாம். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப் போகும். நீர் ஏற ஆகும் ஆறு மணி நேரத்தில், நடு இரண்டு மணி நேரத்தில்தான் கிட்டத்தட்டப் பாதித் தண்ணீர் நகர்கிறது. கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் அந்த நடு நேரத்துக்குப் போங்கள். அது விடியலிலோ அந்தியிலோ வந்தால் இன்னும் விசேஷம்.

பாறைக்கரையில் பாறை முடிந்து மணல் தொடங்கும் விளிம்பைப் பாருங்கள். துறைமுகச் சுவரில் தூரமாக வீசாமல் சுவரின் காலடியிலேயே இறக்குங்கள், மீன் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது உள்ளேயிருந்து இறாலும் பொடிமீனும் அடித்து வரும், அதற்காகப் பெரிய மீன் வாசலிலேயே காத்திருக்கும்.

இடத்தைப் பார்த்தாலே இரை என்ன என்பதும் பாதி தெரிந்துவிடும். அங்கே என்ன வாழ்கிறதோ அதைத்தான் அங்கே மீன் தின்கிறது. வற்றிய மணலில் நூல் சுருட்டி வைத்ததுபோல் மண் சுருள்கள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் புழு மண்ணைத் தின்று வெளியே தள்ளியது அது. ஒரு ஜாண் தள்ளி மணலில் சின்னக் குழிவு இருக்கும். அது தலைப்பக்கம். சுருளும் குழிவும் ஒரே வளையின் இரண்டு முனைகள், புழு நடுவில் வளைந்து கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் தோண்டினால் கிடைக்கும்.

நண்டில் ஓடு கழற்றப்போகும் நண்டுதான் அருமையான இரை. ஒரு காலின் நுனி ஓட்டை மெல்லக் கிள்ளி உருவிப் பாருங்கள். கீழே நிறம் மாறாத மெத்தென்ற புதுத் தோல் தெரிந்தால் அது தயார். வெறும் வெள்ளைச் சதை தெரிந்தால் ஆகாது. வெளியிலிருந்தே தெரிகிற அடையாளமும் உண்டு, முதுகோட்டின் பின்விளிம்பில் கீறல் விட்டிருக்கும். வயிற்றில் முட்டை சுமக்கும் நண்டை மட்டும் தொடாதீர்கள். தோண்டிய குழியை மூடிவிடுங்கள், புரட்டிய கல்லை இருந்தபடியே திருப்பி வையுங்கள். கல்லுக்கு அடியில் இருக்கும் உயிர்கள் வெயிலில் காய்ந்து செத்துவிடும். அடுத்த மாதத்து இரையும் அவைதான்.

கணவாய் எவ்வளவு வேகமாக வீசினாலும் முள்ளில் நிற்கும். மத்தியும் சிப்பிச் சதையும் எண்ணெயும் வாசனையும் உள்ளவை, ஆனால் வீசும்போதே பிய்ந்து போகும். மெல்லிய எலாஸ்டிக் நூலால் பத்துச் சுற்றுச் சுற்றிக் கட்ட வேண்டும். எதைக் கோத்தாலும் முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. நான் தவறவிட்ட மீன்களில் பாதி இதனால்தான் போயிருக்கும்.

சாமானைப் பற்றி ஒன்றே ஒன்றுதான், ஆனால் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். 15 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் ஐந்து அவுன்ஸ் ஈயத்தைக் கட்டி முழு பலத்தோடு வீசலாம் என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஷாக் லீடர் என்கிற தடித்த நரம்பு இல்லை. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். வீசும் கணத்தில் ஈயத்தின் இழுவை முழுவதும் நரம்பின் மேல் வரும். அதைத் தாங்கத்தான் முன்னால் அந்த லீடர். ஓர் அவுன்ஸுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய கணக்கு, ஐந்து அவுன்ஸுக்கு ஐம்பது பவுண்டு லீடர். வீசத் தயாராகக் கம்பைப் பிடிக்கும்போது அந்த லீடர் ரீலில் ஐந்தாறு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். முடிச்சை எச்சிலால் நனைத்து இறுக்குங்கள், காய்ந்த நரம்பு உரசிச் சூடாகிப் பலம் குறையும். லீடர் இல்லாமல் ஒருவர் வீசியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நரம்பு அறுந்த சத்தம் பட்டாசுபோலக் கேட்டது. ஈயம் கடலுக்குப் போகவில்லை, கரையோரமாகப் பக்கவாட்டில் பறந்து ஈர மணலில் முழுசாகப் புதைந்தது. அங்கிருந்து பத்தடி தள்ளி ஒரு குழந்தை சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை விரலால் தோண்டி ஈயத்தை எடுத்தபோது என் கை நடுங்கியது.

பாறையில் நிற்பதைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். ஏறுவதற்கு முன் இருபது நிமிடமாவது தூர நின்று கடலைப் பார்க்க வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டுத்தான் வரும். ஐந்து நிமிட அமைதியை நம்பி இறங்கக் கூடாது. ஈரமாக இருக்கிற பாறை, அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று சொல்கிறது. மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காமல், மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள். திருக்கையோ கெளிறோ குத்திவிட்டால், பொறுக்கும் அளவு சூடான நீரில் குத்துப்பட்ட இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும், சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும். அப்புறம் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் நீர் வற்றிய கரையின் படம் ஒன்றும், அதே இடம் நீர் ஏறிய பிறகு எப்படி இருக்கிறது என்று ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பத்துப் பக்கம் எழுதுவதைவிட நன்றாக விளங்கும். என்னிடம் இருக்கும் படங்களைக் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். ஷாக் லீடர் திருத்தத்தை மட்டும் அதுவரை தள்ளிப்போடாமல், வருகிற இதழிலேயே போட்டுவிடுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது இந்த வாரமே கம்பைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்