வறுமைக் கணக்கில் கூலி எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்த பொருளாதாரக் கட்டுரையில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேரே ஏழைகள் என்றும், வறுமை இங்கே ஏறத்தாழ ஒழிந்துவிட்டது என்றும் எழுதியிருந்ததைப் படித்து மனம் புண்பட்டேன். மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் வறுமைக் கணக்கில் 2019-21 காலத்துக்கு 2.20 விழுக்காடு என்று இருப்பது உண்மைதான். அது எதை அளந்து வந்த எண் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வாசகருக்கு ஏன் சொல்லவில்லை என்பதே என் கேள்வி.

ஒரு வீட்டில் என்னென்ன குறைகள் என்று பல கோணங்களில் பார்க்கும் அந்தப் பல்பரிமாண வறுமைக் குறியீட்டின் 12 அளவைகளில் ஊட்டச்சத்து, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, மின்சாரம், வங்கிக் கணக்கு எல்லாம் உண்டு. கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற கேள்வி மட்டும் இல்லை. சைக்கிள், தொலைபேசி, தொலைக்காட்சி போன்றவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தாலே உடைமையில் அந்த வீட்டுக்குக் குறையில்லை என்று ஆகிவிடுகிறது. எங்கள் தெருவில் விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீட்டில், மகளுக்குப் பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளும் ஒரு கைபேசியும் இருக்கின்றன. நூறு நாள் வேலைக்காகத் திறந்த வங்கிக் கணக்கும் இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்ட பிறகு, சம்பா அறுவடை முடிந்து மேட்டூர்த் தண்ணீர் வரும்வரை, உளுந்துச் செடி பிடுங்கும் சில நாட்களைத் தவிர அவருக்கு வயலில் வேலையே கிடையாது. குழுக் கடன் தவணைக்கு மட்டும் வாரம் தவறாமல் ஆள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். காதுத் தோடு அடகுக்குப் போய், இப்போது வேப்பங்குச்சி செருகியிருக்கிறார். இவர் ஏழை இல்லையா?

இந்த வேதனை இன்று நேற்று வந்ததல்ல. கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 26 ரூபாய் போதும் என்று 2011-இல் திட்டக் குழு உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. மக்கள் எவ்வளவு செலவு செய்கிறார்கள் என்று பார்க்கும் 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை மத்திய அரசு வெளியிடவே இல்லை. உள்ளூரிலும் இதே நிலைதான். ஆசிரியராக இருந்த காலத்தில், உதவித்தொகைக்காக மாணவர்கள் கொண்டுவந்த வருமானச் சான்றுகளில் நிலக்காரர் பிள்ளைக்கும் கூலிக்காரர் பிள்ளைக்கும் ஒரே தொகை எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பங்கு பிரிக்காத கூட்டுப் பட்டாவில் மாமனார் பெயர் இருந்ததற்காக, ஒரு பிடி மண்ணும் அனுபவிக்காத மருமகளின் விண்ணப்பம் தள்ளுபடியானதையும் அறிவேன். குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கோ காட்டுவதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

இனி அந்த எண்ணை வெளியிடும்போது, அந்த 12 அளவைகள் எவை என்பதையும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அச்சிட வேண்டும். சித்திரை, வைகாசியில் தங்கள் செய்தியாளர் ஒருவரை இந்தப் பக்கம் அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கோட்டூர் ஒன்றியம், திருவாரூர் மாவட்டம்.